மத்திய ஐரோப்பாவின் பழைய நகரங்களில் ஒரு பருவக் கல்வி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரில் தங்கிப் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பைப் பாடமாகப் படித்த பருவத்தில், வார்சா, டிரெஸ்டன், பிராக், வியன்னா ஆகிய நகரங்களுக்கும், பருவ முடிவில் வெனிஸ், புளோரன்ஸ் நகரங்களுக்கும் சென்றுவந்தேன். இதே போன்ற படிப்புக்குத் திட்டமிடும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்டுவரும் கேள்விகளுக்கு இங்கே விடை அளித்திருக்கிறேன்.

இப்படியொரு பயணத்தில் ஒரு மாணவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது எது?

எந்தக் கேள்வியோடு போகிறோம் என்பதைத்தான். நகரங்களின் பட்டியல் அதற்குப் பிறகு தானாக அமைந்துவிடும். கையில் ஒரு கேள்வி இல்லாமல் ஏழு நகரங்களைப் பார்த்தால் ஏழு கோபுரங்களும் ஏழு சதுக்கங்களும் ஒன்றோடொன்று கலந்துபோய், எது எங்கே இருந்தது என்பதுகூட நினைவில் தங்காது. நான் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது: என் கண்முன் நிற்கும் இந்தக் கட்டடத்தில் பழையது எவ்வளவு, அழிந்து மீண்டும் எழுப்பப்பட்டது எவ்வளவு, அதை எழுப்பியவர்கள் ஏன் இந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்? இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் நடுப்பகுதி பட்ட சேதத்தை எண்ணிப் பார்த்தால், இந்தக் கேள்விக்கு விடை சொல்லாத தெரு அங்கே அரிது என்பது புரியும். நீங்கள் இசையையோ, நீர் மேலாண்மையையோ, அச்சுத்தொழிலையோ எடுத்துக்கொள்ளலாம். எதை எடுத்தாலும் எல்லா நகரங்களிலும் அதையே கேளுங்கள். ஒப்பிடுவதற்கு அப்போதுதான் இடம் கிடைக்கும்.

தங்கிப் படிக்கக் கிராக்கோவைத் தேர்ந்தெடுக்கக் காரணம் என்ன?

பெரிய சேதமின்றி இரண்டாம் உலகப் போரைக் கடந்த நகரம் அது. 1257-இல் அளந்து வகுக்கப்பட்ட மையச் சதுக்கம், பக்கத்துக்கு ஏறத்தாழ 200 மீட்டர் அளவில் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. 1364-இல் தொடங்கப்பட்ட யாகியெல்லோனியன் பல்கலைக்கழகத்தில் கோப்பர்நிக்கஸ் மாணவராக இருந்திருக்கிறார். 1978-இல் யுனெஸ்கோ தன் உலகப் பாரம்பரியப் பட்டியலின் முதல் இடங்களை அறிவித்தபோது, கிராக்கோவின் பழைய நகரமும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. அழிக்கப்பட்ட நகரங்களை ஆராயப் புறப்படுகிறவருக்கு, அழியாத ஒன்றை நாள்தோறும் நடந்து பழகிய கண் தேவை.

ஆனால், "அழியாத" என்ற சொல்லை அங்கேயும் எச்சரிக்கையோடுதான் பயன்படுத்த வேண்டும் என்பதைச் சில வாரங்களிலேயே உணர்வீர்கள். பழைய நகரத்தைச் சுற்றி ஓடும் பிளாந்தி பூங்கா இருக்கும் இடம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டை மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து உண்டாக்கப்பட்டது. புனித மரியாள் தேவாலயத்தில் ஃபைட் ஸ்டோஸ் 1477 முதல் 1489 வரை செதுக்கிய மாபெரும் மரப் பலிபீடத்தை, போர் மூளும் முன்பே போலந்துக்காரர்கள் பகுதி பகுதியாகக் கழற்றி ஒளித்துவைத்தார்கள். ஜெர்மானியர்கள் அதைக் கண்டுபிடித்து நியூரம்பெர்க் நகருக்குக் கொண்டுபோனார்கள். 1946-இல் அது திரும்பி வந்தது. இவை கல்லுக்கும் மரத்துக்கும் நேர்ந்தவை. காசிமியெஷ் பகுதியின் யூத வழிபாட்டுக் கூடங்கள் நிற்கின்றன. அவற்றில் வழிபட்ட மக்கள் இல்லை. போருக்கு முன் நகர மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் யூதர். 1941 மார்ச்சில் விஸ்துலா ஆற்றின் மறுகரையில் உள்ள போத்குஜே பகுதியில் அவர்களை அடைத்துவைத்த ஜெர்மானிய ஆட்சி, 1943 மார்ச்சில் அந்த அடைப்புக் குடியிருப்பையே (கெட்டோ) துடைத்தழித்தது. சுவர்கள் முழுமையாக நிற்கும் ஒரு நகரம் எவ்வளவு பெரிய இழப்பைத் தாங்கியிருக்க முடியும் என்பதை அறிய, காசிமியெஷில் தொடங்கி ஆற்றைக் கடந்து போத்குஜே வரை ஒருமுறையாவது நடந்து போங்கள்.

வார்சாவின் பழைய நகரம் போருக்குப் பின் கட்டப்பட்டதுதானே? அதைப் பார்ப்பதில் என்ன பயன்?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். என் கருத்தில், இந்தப் பயணத்தில் எதை விட்டாலும் விடக்கூடாத நகரம் வார்சா.

ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்து 1944 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிய வார்சா எழுச்சி, அக்டோபர் தொடக்கத்தில் ஒடுக்கப்பட்டது. அதன்பின் ஜெர்மானியப் படை எஞ்சிய கட்டடங்களைத் தெருத் தெருவாக எரித்தும் வெடிவைத்தும் தகர்த்தது. வரலாற்று மையத்தில் 85 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்துபோனது. தற்செயலாக விழுந்த குண்டுகளால் வந்த அழிவாக இதைக் கருத முடியாது. ஒரு மக்களின் நினைவையே இல்லாமலாக்கும் நோக்கத்தோடு செய்யப்பட்டது. ஆகவே, மீண்டும் கட்டும்போது புதிய நகரம் ஒன்றை வரைந்து கட்டாமல், இழந்ததையே எழுப்ப வேண்டும் என்று 1945-இல் அமைக்கப்பட்ட தலைநகர் மறுகட்டுமான அலுவலகத்தில் இருந்தவர்கள் முடிவெடுத்ததைப் புரிந்துகொள்ள முடிகிறது. வெனிஸிலிருந்து வந்து போலந்து அரசவையில் பணியாற்றிய பெர்னார்தோ பெல்லோத்தோ பதினெட்டாம் நூற்றாண்டில் தீட்டிய நகரக் காட்சி ஓவியங்கள் அவர்களுக்குத் துணையாயின. அவற்றைவிடப் பயன்பட்டவை, வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மாணவர்கள் போருக்கு முன் பழைய வீடுகளை அளந்து வரைந்த வரைபடங்கள். அவை போர்க்காலத்தில் ஒளித்துவைத்துக் காப்பாற்றப்பட்டிருந்தன. மாணவர்கள் பயிற்சிக்காக வரைந்த தாள்களைக் கொண்டு ஒரு தலைநகரம் எழுந்தது என்பதை, அளவு நாடாவும் குறிப்பேடுமாகப் போகும் எந்த மாணவரும் மறக்கக்கூடாது. சதுக்கம் 1953-இல் திறக்கப்பட்டது. அரச மாளிகையின் மறுகட்டுமானம் 1971-இல் அறிவிக்கப்பட்டு 1980-களில் நிறைவுற்றது.

இனி நுணுக்கமான பகுதிக்கு வருவோம். எழுப்பியவர்கள் 1939-இல் இருந்த நகரத்தை அப்படியே எழுப்பவில்லை. வீடுகளின் பின்புறத்தில் நெருக்கியடித்து நின்ற கட்டுமானங்களை விட்டுவிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்ட மாடிகள் பலவற்றை மீண்டும் கட்டவில்லை. முகப்புக்குப் பின்னால் அக்காலத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஏற்ற குடியிருப்புகளை அமைத்தார்கள். எனவே, நாம் காண்பது பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு வார்சாவைப் பற்றி 1950-களில் இருந்த ஒரு தேர்ந்த எண்ணம். 1980-இல் யுனெஸ்கோ இதைப் பட்டியலில் சேர்த்தபோது, பழமைக்காகச் சேர்க்கவில்லை. ஏறக்குறைய முழுமையான ஒரு மறுகட்டுமானத்தின் தனிச் சான்றாகவே சேர்த்தது. "போலி" என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள், இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய பண்பாட்டுச் செயல்களில் ஒன்றைக் காணாமலே திரும்புகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

டிரெஸ்டனையும் அப்படியே பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் அங்கே விடை வேறு. 1945 பிப்ரவரி 13 இரவு தொடங்கிய பிரிட்டிஷ், அமெரிக்க விமானத் தாக்குதலில் நகர மையம் எரிந்தது. ஏறத்தாழ 25,000 பேர் வரை இறந்தனர் என்று 2010-இல் வரலாற்றாளர் குழு ஒன்று முடிவுக்கு வந்தது. 1743-இல் கட்டி முடிக்கப்பட்ட ஃபிராவன் தேவாலயத்தின் கல் குவிமாடம் பிப்ரவரி 15 அன்று இடிந்து விழுந்தது. அந்தக் கற்குவியல் கிழக்கு ஜெர்மனியின் காலம் முழுவதும் நினைவிடமாக அப்படியே கிடந்தது. ஜெர்மனி ஒன்றிணைந்த பிறகு, கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணிட்டு, அவை எந்த இடத்துக்கு உரியவை என்று கணக்கிட்டு, 1994 முதல் 2005 வரை தேவாலயத்தை எழுப்பினார்கள். வெளிச்சுவரில் கறுத்திருக்கும் கற்கள் பழையவை. வெளிர்நிறக் கற்கள் புதியவை. உச்சியில் உள்ள சிலுவையைச் செய்தவர், டிரெஸ்டன் மீது குண்டு வீசிய விமானிகளில் ஒருவருடைய மகனான ஆங்கிலேயப் பொற்கொல்லர்.

இழப்பின் தடயத்தை வார்சா மறைத்துக் கட்டியது. டிரெஸ்டன் அதைச் சுவரிலேயே தெரியவிட்டது. இரண்டில் எது சரி என்று வகுப்பில் நீண்ட விவாதம் நடக்கும். தேவாலயத்தைச் சுற்றியுள்ள நொய்மார்க்ட் சதுக்கத்தையும் மறக்காமல் பாருங்கள். அங்கே பழைய முகப்புகளின் பின்னால் இருப்பவை இன்றைய கட்டுமானங்கள். அந்த ஒப்பீடு விவாதத்துக்கு வலுவூட்டும். இன்னொரு செய்தியும் உண்டு. டிரெஸ்டனின் எல்பெ பள்ளத்தாக்கு 2004-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்து, ஆற்றின் குறுக்கே நான்குவழிச் சாலைப் பாலம் ஒன்று கட்டப்பட்டதால் 2009-இல் நீக்கப்பட்டது.

அவுஷ்விட்ஸ் முகாமுக்குச் செல்ல வேண்டுமா?

கிராக்கோவிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் நாஜி வதைமுகாமான அவுஷ்விட்ஸ்-பிர்கெனாவில் சுமார் 11 இலட்சம் பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் யூதர். அந்நகரில் ஒரு பருவம் வாழும் மாணவர் அங்கே போகாமல் திரும்புவது முறையாகாது என்று கருதுகிறேன். அதே வேளையில், அதை மற்றொரு பயணத்தின் நடுவில் திணிக்காதீர்கள். அதற்கென ஒரு முழு நாளை ஒதுக்கி, மறுநாள் வேலை ஏதும் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நுழைவுச் சீட்டை முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும். கொல்லப்பட்டவர்களின் தலைமுடி வைக்கப்பட்டுள்ள அறையில் படம் எடுக்க அனுமதி இல்லை.

நம் கேள்வியைப் பொறுத்தவரை இந்த இடம் தனியாக நிற்கிறது. பின்வாங்கும்போது கொலையாளிகளே வெடிவைத்துத் தகர்த்த நச்சுவாயுக் கூடங்களின் இடிபாடுகளை, பிர்கெனாவில் இடிபாடுகளாகவே காக்கிறார்கள். அவை மேலும் சரியாமல் நிறுத்துவதற்குத்தான் பொறியாளர்கள் உழைக்கிறார்கள். குற்றத்தின் சான்று எந்த நிலையில் கிடைத்ததோ அந்த நிலையிலேயே இருக்க வேண்டும் என்ற கொள்கையை அங்கே கண்ணால் காணலாம்.

போரில் அதிகம் சேதமடையாத பிராக் நகரில் இந்தக் கேள்விக்கு என்ன வேலை?

ஒரு நகரத்தை அழிப்பதற்குப் போர் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. 1893-இல் தொடங்கிய சுகாதாரச் சீரமைப்புத் திட்டம் பிராக் நகரின் யூதக் குடியிருப்பான யோசெஃபோவைப் பெரும்பாலும் இடித்துவிட்டது. நெரிசலும் நோயும் மிகுந்த சந்துகள் இருந்த இடத்தில் அகன்ற பாரீசு சாலையும், வளைந்து நெளியும் அலங்காரங்கள் கொண்ட அடுக்குமாடி வீடுகளும் வந்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த பழைய-புதிய வழிபாட்டுக் கூடமும், பழைய இடுகாடும், இன்னும் சில கட்டடங்களும் மட்டும் தப்பின.

அங்குள்ள பின்காஸ் வழிபாட்டுக் கூடத்தில் நெடுநேரம் நில்லுங்கள். பொகீமியா, மொராவியா ஆகிய செக் பகுதிகளில் நாஜிகளால் கொல்லப்பட்ட ஏறத்தாழ 78,000 யூதர்களின் பெயர்களை 1950-களில் அதன் சுவர்களில் கையால் எழுதினார்கள். 1968-க்குப் பிறகு, ஈரக்கசிவு காரணம் காட்டி மூடப்பட்ட அந்தக் கூடத்திலிருந்து பெயர்கள் மறைந்தன. கம்யூனிச ஆட்சி முடிந்ததும், 1990-களில், அத்தனை பெயர்களையும் மீண்டும் எழுதினார்கள். மறுகட்டுமானம் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையையும்விட அந்தச் சுவர்கள் எனக்கு அதிகம் கற்பித்தன.

1357-இல் தொடங்கப்பட்ட சார்லஸ் பாலத்தில் கூட்டம் எப்போதும் மிகுதி. விடியற்காலையில் போவது நல்லது. அதன் சிலைகளில் பல, மூலத்தைப் பார்த்துச் செய்த நகல்கள்.

வியன்னாவுக்கு எதைப் படித்துவிட்டுப் போக வேண்டும்?

1683-இல் உஸ்மானியத் துருக்கியரின் முற்றுகையைத் தாங்கிய மதிலை, 1857 டிசம்பரில் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் இடிக்க ஆணையிட்டதைப் படியுங்கள். மதில் இருந்த இடத்தில் 1865-இல் திறக்கப்பட்ட ரிங் சாலையில், நாடாளுமன்றம் கிரேக்கக் கோயிலைப் போலவும், நகர மன்றம் கோதிக் பாணியிலும், பல்கலைக்கழகம் மறுமலர்ச்சிக் கால மாளிகையைப் போலவும் எழுந்தன. மூன்றும் 1880-களின் முற்பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவடைந்தவை. கிராக்கோவின் பிளாந்திப் பூங்காவையும் இந்தச் சாலையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், மதிலை இழந்த இரு நகரங்கள் அந்த வெற்றிடத்தை எவ்வளவு வேறாக நிரப்பின என்பது விளங்கும். 1945 மார்ச்சில் குண்டுக்கு இரையான அரசு இசைநாடக அரங்கு 1955 நவம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. முகப்பும் முதன்மைப் படிக்கட்டும் பழையவை, பார்வையாளர் கூடம் 1950-களின் பாணியில் அமைந்தது. குறைந்த விலையில் நின்று பார்க்கும் சீட்டு கிடைக்கும் என்பதால் மாணவர்கள் தயங்க வேண்டியதில்லை.

வெனிஸும் புளோரன்ஸும் இந்தத் திட்டத்தில் எப்படிப் பொருந்துகின்றன?

வெனிஸின் புனித மாற்கு சதுக்கத்தில் நிற்கும் மணிக்கூண்டு 1902 ஜூலை 14 அன்று சரிந்து விழுந்தது. "இருந்த இடத்தில், இருந்தபடியே" என்ற முழக்கத்தோடு எழுப்பப்பட்டு 1912-இல் திறக்கப்பட்டது. வார்சாவின் முடிவுக்கு அது ஒரு முன்னோடி. புளோரன்ஸில், 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை ஆர்னோ ஆற்றின் பாலங்களில் வெக்கியோ பாலத்தை மட்டும் விட்டுவைத்து, அதன் இரு முனைகளிலும் இருந்த பழைய தெருக்களைத் தகர்த்தது. சாந்தா திரினித்தா பாலத்தை ஆற்றிலிருந்து மீட்ட கற்களையும் சேர்த்து 1958-இல் பழைய வடிவிலேயே கட்டி முடித்தார்கள். ஆனால் வெக்கியோ பாலத்தின் முனைகளில் அக்காலப் புதிய வீடுகளையே கட்டினார்கள். சில நிமிட நடையில் இரண்டு வேறு கொள்கைகளைப் பார்க்கலாம்.

திறந்தவெளியில் காணும் பல புகழ்பெற்ற படைப்புகள் நகல்கள் என்று அறிந்து ஏமாற்றம் அடைகிறவர்கள் உண்டு. புளோரன்ஸின் சிஞ்ஞோரியா சதுக்கத்தில் நிற்கும் தாவீது சிலை 1910-இல் வைக்கப்பட்ட நகல். மிக்கேலாஞ்சலோ 1504-இல் முடித்த மூலம் 1873 முதல் அக்கதேமியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புளோரன்ஸின் ஞானஸ்நான மண்டபத்துக்குக் கிபெர்த்தி செய்த வெண்கலக் கதவுகளும், வெனிஸின் புனித மாற்கு பேராலயத்தின் குதிரைச் சிலைகளும் அவ்வாறே உள்ளே இருக்கின்றன. மழையும் புகையும் மூலத்தைத் தின்றுவிடக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. இரண்டையும் பாருங்கள்: எந்த உயரத்தில், எந்த வெளிச்சத்தில் பார்க்கச் செய்யப்பட்டது என்பதை நகலும், உளி பட்ட இடத்தை மூலமும் காட்டும்.

விசா, உதவித்தொகை, மதிப்பெண் அலகுகள் பற்றி?

90 நாள்களுக்கு மேற்பட்ட படிப்புக்கு, படிக்கும் நாட்டின் நீண்டகாலத் தேசிய விசா வேண்டும். அதை வைத்திருப்பவர், பொது விசா முறையில் இணைந்துள்ள மற்ற ஐரோப்பிய (ஷெங்கன்) நாடுகளில் எந்த 180 நாள் காலத்திலும் 90 நாள்கள் வரை தங்கலாம். இந்தியக் கடவுச்சீட்டுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் இதே விதிதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுநிலைப் படிப்புகளில் குறைந்தது இரு நாடுகளில் படிக்க வேண்டும் என்பதால் இவ்வகை ஆய்வுக்கு அவை மிகப் பொருத்தமானவை. உதவித்தொகை மாதம் 1,400 யூரோ. ஒரு பருவத்துக்கு மட்டும் செல்பவர்கள், தங்கள் கல்லூரிக்கு எந்த ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தோடு பரிமாற்ற ஒப்பந்தம் இருக்கிறது என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். முழுப் பருவம் 30 ஐரோப்பிய அலகுகள் கொண்டது. ஓர் அலகு 25 முதல் 30 மணி நேர உழைப்பைக் குறிக்கும். அந்த அலகுகளைச் சொந்தக் கல்லூரி ஏற்கும் என்ற எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் புறப்படும் முன்பே வாங்கிவிடுங்கள்.

செலவை எப்படிக் குறைக்கலாம்?

போலந்துப் பல்கலைக்கழக மாணவர் அட்டை கிடைத்த நாள்முதல், 26 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அந்நாட்டு ரயில்களில் 51 விழுக்காடு கட்டணச் சலுகை உண்டு. இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்களில் இளையோருக்கான சலுகை ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கே உரியது என்பதால், நம் மாணவர்கள் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இலவச நுழைவைக் கணக்கில்கொண்டு பயணத்தை அமைக்கலாம். கலை வரலாறோ கட்டடக்கலையோ படிப்பதைக் காட்டும் சேர்க்கைச் சான்றிதழையும் கையில் வைத்திருந்து, சீட்டு வாங்குமிடத்தில் கேட்டுப் பாருங்கள். வெனிஸில் பகல்நேரப் பயணிகளுக்கு 2024 முதல் சில நாள்களில் நுழைவுக் கட்டணம் உண்டு. போலந்திலும் செக் நாட்டிலும் யூரோ நாணயம் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

சைவ உணவு கிடைக்குமா? குளிரைத் தாங்க முடியுமா?

கிடைக்கும். "பார் மிலெச்னி" எனப்படும் எளிய உணவகங்களில் உருளைக்கிழங்கும் தயிர்ப்பாலாடையும் அடைத்த பியெரோகி கொழுக்கட்டை, அப்பம், சூப் எல்லாம் மலிவு. மேலே பன்றிக்கொழுப்பு தூவ வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் தூவித் தருவது வழக்கம். குளிரைவிட இருட்டுக்குத்தான் ஆயத்தம் தேவை. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும் என்பதால், கட்டடங்களை வெளியிலிருந்து பார்க்கும் வேலைகளை அக்டோபரிலேயே முடித்துக்கொண்டு, அருங்காட்சியகங்களையும் ஆவணக் காப்பகங்களையும் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

களக்குறிப்புகளை எப்படி எழுத வேண்டும்?

படம் எடுக்கும் முன் வரையுங்கள். கோணலாக வந்தாலும் பரவாயில்லை. வரையும்போதுதான் ஒரு சன்னல் மற்றதைவிடத் தாழ்ந்திருப்பதும், கல்லின் நிறம் ஓரிடத்தில் மாறுவதும் கண்ணில் படும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் அழிந்த ஆண்டு, மீண்டும் எழுந்த ஆண்டு, எழுப்பியவர் யார், எந்த ஆவணத்தை நம்பி எழுப்பினார் என்ற நான்கையும் குறித்துக்கொண்டு, விடை கிடைக்காத இடத்தை வெற்றாகவே விடுங்கள். அந்த வெற்றிடங்களில் ஒன்றுதான் பெரும்பாலும் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பாக மாறும்.

கிராக்கோவுக்கு வெளியே ஒரே ஒரு நகரத்துக்குத்தான் செல்ல முடியும் என்றால்?

வார்சாவுக்குச் செல்லுங்கள். விரைவு ரயிலில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். முதலில் அரச மாளிகையில் பெல்லோத்தோவின் ஓவியங்கள் தொங்கும் அறைக்குப் போய், ஏதேனும் ஓர் ஓவியத்தின் எதிரில் அமர்ந்து அதில் உள்ள தெருவை நன்றாக மனத்தில் பதித்துக்கொண்டு, பிறகு வெளியே வந்து அதே தெருவில் நடந்து, ஓவியத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே உள்ள வேறுபாடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு முழுப் பகல் தேவைப்படும்.